எங்கள் வீட்டுச் சுக்குக் காப்பி

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருவில் தவளைச் சத்தத்தோடு இருமல் சத்தமும் சேர்ந்துகொள்ளும். நாலு நாள் போனால் கையில் ஒரு கிண்ணத்தோடு யாராவது வந்து நிற்பார்கள். "அக்கா, கொஞ்சம் சுக்குப் பொடி இருக்கா?" இருக்கும். எங்கள் வீட்டில் என்றைக்காவது உப்பு இல்லாமல் போனாலும் போகும், சுக்குப் பொடி இல்லாமல் போகாது. இந்தப் பெருமை எனக்குச் சொந்தமானதில்லை, என் மாமியாருடையது. நான் அதைக் கொஞ்சம் அனுபவித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நான் பத்தாவது வரை படித்தவள். 2000-ல் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கம் வந்தபோது எனக்கு வயது இருபது. பிறந்த வீட்டில் ஜலதோஷம் என்றால் அம்மா இஞ்சியைத் தட்டிப் போட்டு டீ வைப்பாள். அதையே இங்கும் செய்தேன். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். "ஏளா, இது டீயா, ரசமா?" என்று ஒரே ஒரு கேள்விதான். மறுநாள் காலையில் முறமும் சுக்கும் என் முன்னால் வந்துவிட்டன.

சுக்குக் காப்பி என்று பெயரே தவிர எங்கள் வீட்டில் அதில் ஒரு சிட்டிகை காப்பிப் பொடிகூடக் கிடையாது. சில வீடுகளில் நிறத்துக்காகக் கொஞ்சம் சேர்ப்பார்கள். ராத்திரி நேரத்தில் பஸ் நிலையத்துப் பக்கம் சைக்கிளில் பெரிய பாத்திரம் கட்டிக்கொண்டு விற்கிறார்களே, அவர்களிலும் சிலர் சேர்ப்பது உண்டு. அத்தைக்கு அது பிடிக்காது. "காப்பி குடிக்கணும்னா காப்பி குடி, சுக்குத் தண்ணி குடிக்கணும்னா சுக்குத் தண்ணி குடி" என்பார்.

முதலில் சுக்கு வாங்குவதைச் சொல்கிறேன். பார்க்க வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கிறதே என்று வாங்கக்கூடாது. பூச்சி அரிக்காமல் இருக்கவும் நிறத்துக்காகவும் சுண்ணாம்பில் புரட்டிய சுக்கு அப்படி இருக்கும். கொஞ்சம் மங்கலாக, மண்நிறமாக இருப்பதை எடுக்கவேண்டும். கையில் ஒடித்தால் 'டக்'கென்று ஒடியவேண்டும். வளைந்தால் காயவில்லை என்று அர்த்தம். ஊசித் துளை போட்ட மாதிரி இருந்தால் உள்ளே வண்டு குடியிருக்கிறது. "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று ஒரு வழக்குச் சொல் உண்டு. கடுக்காயில் கொட்டையைத் தள்ளவேண்டும், சுக்கில் மேல்தோலைத் தள்ளவேண்டும். கத்தி முனையால் சுரண்டினால் தோல் சாம்பல் மாதிரி உதிரும். ஒட்டியிருக்கிற மண்ணும் சுண்ணாம்பும் அதோடு போய்விடும்.

பிறகு அளவு. நூறு கிராம் சுக்குக்கு இருநூறு கிராம் மல்லி. இதுதான் அத்தையின் கணக்கு. மல்லிதான் இதற்கு உடம்பு, சுக்கு அதற்கு உயிர் என்பது என் கருத்து. மல்லி குறைந்தால் காரம் தொண்டையைப் பிடிக்கும், வாசனையும் இருக்காது. மிளகு இருபத்தைந்து கிராம், சீரகம் இருபத்தைந்து கிராம், திப்பிலி பத்து கிராம், ஏலக்காய் பத்து. மல்லியைத் தனியாக, சின்னத் தீயில், கையில் எடுத்தால் சூடு தெரிகிற அளவுக்கு மட்டும் வறுக்கவேண்டும். சிவக்க விட்டால் சாம்பார்ப் பொடி வாசனை வந்துவிடும். மிளகு, சீரகம், திப்பிலி மூன்றையும் அதே சூட்டில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். சுக்கை வறுக்கவேண்டாம், வெயிலில் ஒரு நாள் கிடந்தால் சரி. அதை அப்படியே மிக்ஸியில் போட்டு பிளேடை உடைத்துக்கொள்ளாதீர்கள். நான் உடைத்திருக்கிறேன். முதலில் உரலில் நசுக்கி, நாராகப் பிரிந்த பிறகு மற்றதோடு சேர்த்து அரைக்கவேண்டும். சலித்தால் நார் மேலே நிற்கும். அதை எறியவேண்டாம், ரசத்துக்குப் புளி கரைக்கும்போது போடலாம், அல்லது குளிக்கிற வெந்நீரில் போடலாம்.

நாலு தம்ளர் தண்ணீருக்கு நாலு டீஸ்பூன் பொடி. எலுமிச்சம்பழ அளவில் இரண்டு துண்டு கருப்பட்டி. கருப்பட்டியை முதலில் அரைத் தம்ளர் வெந்நீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ளவேண்டும். பதனீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், அதுவும் மண்ணும் தூசும் அடியில் நிற்கும். எங்கள் பக்கத்தில் உடன்குடிக் கருப்பட்டிக்குத்தான் மரியாதை. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கொடுத்துவிட்டார்கள். பதனீர் இறக்குகிற பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் நல்லதாகப் பார்த்து வாங்கிப் பானையில் போட்டு வைத்துக்கொண்டால் மழைக்காலத்துக்கு ஆகும். மழைக்காலத்தில் போய் அவசரத்துக்கு வாங்கினால் சீனிப்பாகு கலந்ததைத் தலையில் கட்டிவிடுவார்கள். நல்ல கருப்பட்டி வாயில் போட்டால் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு உப்புக் கரிப்புத் தெரியும்.

நாலு தம்ளர் மூன்று தம்ளராகக் குறுகும்வரை கொதித்தால் போதும். துளசி இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு நாலு இலை. அணைத்ததும் மூடி போட்டுவிடவேண்டும். மல்லி வாசனையும் ஏலக்காய் வாசனையும் ஆவியோடு ஓடிவிடக் கூடியவை. பால் ஊற்றுவது எங்கள் வழக்கமில்லை. ஊற்றியே ஆகவேண்டும் என்பவர்கள் தனியாகக் காய்ச்சி, தம்ளரில் ஊற்றும்போது சேருங்கள். கருப்பட்டியோடு சேர்ந்து கொதித்தால் திரிந்துபோகும்.

என் மகன் பார்மசி படித்தவன். பச்சை இஞ்சியில் இருக்கிற ஜிஞ்சரால் என்ற பொருள் காயும்போது ஷோகால் என்று வேறொன்றாக மாறுகிறதாம், அதற்குக் காரம் இன்னும் அதிகமாம். இஞ்சி டீக்கும் சுக்குக் காப்பிக்கும் தொண்டையில் இறங்குகிற விதமே வேறு என்று அத்தை படிக்காமலே சொன்னது அதைத்தான்.

இவ்வளவும் சொன்னேனே, இனி சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்த காரணம்.

2018-ஆம் வருஷம் ஐப்பசி. அத்தைக்கு அப்போது அறுபத்தாறு வயது. மழையில் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனார், நனைந்தார், மறுநாள் இருமல். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அடுப்பில் சுக்குக் காப்பி ஏறியது. குடித்த அரை மணியில் இருமல் அடங்கும். தொண்டை இளகும். முகத்தில் வேர்வை பொடிக்கும். "அப்பாடா" என்று சாய்ந்துகொள்வார். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஆரம்பிக்கும். மறுபடி ஒரு தம்ளர். இப்படியே ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஆயிற்று.

அந்தத் தீபாவளி நவம்பர் ஆறாம் தேதி வந்தது. அத்தை அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்க எழுந்து வரவில்லை. "புகை ஒத்துக்கலை" என்றார். நான் பொடியில் மிளகைக் கூட்டினேன். திருக்கார்த்திகைக்கு விளக்கு ஏற்ற ஒரு கை எண்ணெய் ஊற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் தூதுவளையைத் தேடிப் பறித்து வந்து சேர்த்தேன். மருந்துக் கடையில் இருமல் டானிக் வாங்கி வந்தார் என் கணவர். இரண்டு பாட்டில் காலியானது. ஒவ்வொரு நாளும் இருமல் 'கொஞ்சம் தேவலை'யாகவே இருந்தது. அது எத்தனையாவது நாள் என்று வீட்டில் யாரும் எண்ணவில்லை.

இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். சுக்கின் சூடு என்று நினைத்தோம். ராத்திரி தலையணை நனையும் அளவுக்கு வேர்க்கும். சளி இளகுகிறது என்று சந்தோஷப்பட்டேன்! தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று நின்றது. தையல்காரரைத் திட்டினோம். சாப்பாடு பாதியாகியிருந்தது. "வயசாச்சுல்லா" என்றார் அத்தை. நானும் ஆமாம் போட்டேன்.

கார்த்திகை முடியப் போகிற சமயம். என் மகளுக்கு அப்போது நாலு வயது. வைட்டமின் சொட்டு மருந்து கொடுத்த கணக்குப் பார்க்க எங்கள் பகுதி சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்தார். மழை என்பதால் அவருக்கும் ஒரு தம்ளர் சுக்குக் காப்பி கொடுத்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அத்தை இருமினார்.

"யாருக்கு இருமல்?"

"எங்க அத்தைக்கு. மழை ஒத்துக்கலை. வேளை தவறாம சுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கேன்."

"எத்தனை நாளா?"

"மிளகு, தூதுவளை எல்லாம் போட்டுத்தான் கொடுக்கேன்."

"அம்மா, நான் கேட்டது எத்தனை நாளான்னு."

நான் விரல் விட்டு எண்ணினேன். தீபாவளிக்கு முன்னால் மூன்று வாரம், பிறகு ஒரு மாதம். ஏழு வாரம்! வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் திட்டவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளியைப் பரிசோதிக்கவேண்டும், அது யாராக இருந்தாலும் சரி, எந்த மழைக்காலமாக இருந்தாலும் சரி என்று சொல்லி, ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். அங்கேயே ஒரு முறை, மறுநாள் விடிந்து எழுந்தவுடன் ஒரு முறை. எச்சிலைத் துப்பி நிரப்பக்கூடாது, நெஞ்சிலிருந்து இருமி வருகிற சளியாக இருக்கவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

முடிவு வந்தது. காசநோய்.

அத்தை டாக்டரிடம், "சயரோகமா?" என்று கேட்டார். அவர் சின்ன வயதில் கேட்ட பெயர் அதுதான். அந்தப் பெயரோடு அவருக்குத் தெரிந்த கதைகள் எல்லாம் சாவுக் கதைகள். வீட்டுக்கு வந்ததும் யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால், பெயர் வெட்டிய தன் எவர்சில்வர் தம்ளரைச் சமையலறையிலிருந்து எடுத்துக்கொண்டு போய், பின்கட்டு அறை ஜன்னல் மாடத்தில் தனியாக வைத்துக்கொண்டார். அவருடைய கல்யாணத்துக்கு அவருடைய அம்மா வீட்டில் கொடுத்த தம்ளர். நான் 'வேண்டாம் அத்தை' என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எனக்கு மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

காரணம் என் மகள். ஆச்சி குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கடைசி ஒரு வாய், அந்தக் கருப்பட்டி இனிப்பு மண்டியிருக்கிற அடி வண்டல், அவளுக்குத்தான். தினமும், அதே தம்ளரில். ஏழு வாரமாக! அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. ஒவ்வொரு தம்ளரையும் நினைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். எல்லாம் என் கையால் ஊற்றிக் கொடுத்தது.

இரண்டாம் நாள் நர்ஸ் வந்தார். பின்கட்டு அறையைப் பார்த்தார். மழைச் சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தோம். முதலில் அதைத் திறக்கச் சொன்னார். பிறகு மாடத்தில் இருந்த தம்ளரைக் கையில் எடுத்து, "இது எதுக்கு இங்க இருக்கு?" என்றார். நான் மென்று முழுங்கினேன்.

தம்ளராலும் தட்டாலும் துணியாலும் இது ஒட்டுவதில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரியும். நெஞ்சில் காசநோய் உள்ளவர் இருமும்போது வருகிற கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் மிதக்கும், அதைச் சுவாசிப்பவருக்குத்தான் தொற்றும். அதனால் பாத்திரத்தைப் பிரித்துவிட்டு ஆளைக் காற்றில்லாத அறையில் போட்டு, ராத்திரி பேத்தியையும் பக்கத்தில் படுக்க விட்டது எவ்வளவு தலைகீழான காரியம் பாருங்கள்! அத்தையின் கட்டில் முன்பக்கத்துத் தார்சாவுக்கு வந்தது. இருமும்போது வாயைத் துணியால் மூடிக்கொள்ளப் பழகினார். மகளின் படுக்கை என் பக்கத்துக்கு மாறியது. தம்ளர் சமையலறை அலமாரிக்குத் திரும்பியது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டாமா, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதே என்று டாக்டரிடம் கேட்டோம். அவர் ஒரு விஷயம் சொன்னார். இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்ததே நம் சென்னையில்தானாம். 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் சேர்த்தும் மற்றொரு பகுதியினரை வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் அதேபோல் குணமாகியிருக்கிறது, மருந்தைத் தொடங்கிய பிறகு கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் ஆபத்து கூடவும் இல்லை. 1959-ல் அந்த முடிவு வெளியானது. பிறகுதான் உலகம் முழுக்க வீட்டிலேயே வைத்தியம் பார்க்கிற முறை வந்ததாம். என் கணவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "அப்ப அம்மா நம்ம கூடத்தான்" என்றார்.

மகளைப் பரிசோதித்தார்கள். எடை பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று சொன்ன டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனாலும் ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளை என்பதால் முன்தடுப்பாக ஐசோனியசிட் மாத்திரை ஆறு மாதம் கொடுக்கவேண்டும் என்றார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு, ஒன்றுமில்லாததற்கு மாத்திரையா என்று என் பிறந்த வீட்டில் முணுமுணுத்தார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. தினமும் காலையில் நசுக்கிக் கொடுத்தேன்.

அத்தைக்கும் ஆறு மாதம். மாத்திரை, பரிசோதனை எதற்கும் அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. சத்துணவுக்கென்று அந்த 2018-ல்தான் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்திருந்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாயாகியிருக்கிறது. நான் அதை முட்டைக்கும் நிலக்கடலைக்கும் பயறுக்கும் என்று ஒதுக்கினேன். காசநோய் என்று தெரிந்ததும் கூடவே ரத்தத்தில் சர்க்கரையும் பார்ப்பார்கள். அங்கே இருந்தது அடுத்த அடி. முன்னூறுக்குப் பக்கத்தில்!

"என்ன சாப்பிடுறாங்க?" என்று டாக்டர் கேட்டபோது என் நாக்கு ஒட்டிக்கொண்டது. கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது, நல்லதுதான் என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்களே, நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒரு நாளைக்கு ஐந்து தம்ளர். கருப்பட்டியில் கொஞ்சம் சத்து இருக்கலாம், ஆனால் அதில் பெரும்பாகம் சர்க்கரைதான், உடம்பு அதைச் சர்க்கரையாகத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களைக் காசநோய் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு வகைச் சுக்குக் காப்பி. அத்தைக்குக் கருப்பட்டி இல்லாதது. முதல் நாள் குடித்துவிட்டு, "இது காப்பியாளா? பேதி மருந்து" என்றார். நான் மல்லியை இன்னும் அரை மடங்கு கூட்டி, மிளகைக் குறைத்து, ஏலக்காயை இரட்டித்து, ஒரு சின்னத் துண்டு அதிமதுரம் போட்டுப் பார்த்தேன். அதிமதுரம் ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது என்று மகன் தடுத்துவிட்டான். கடைசியில் மல்லியும் ஏலக்காயும்தான் கைகொடுத்தன. கசப்போ காரமோ இல்லாமல் வாசனையாக இருக்கும். இனிப்பு இல்லாமல் குடிக்கிறவர்கள் இந்த அளவில் செய்து பாருங்கள்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு கூத்து. அத்தை குளியலறையிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்தார். ஒன்றுக்குச் செம்மண் நிறத்தில் போகிறதாம். "உன் சுக்குச் சூடுதான் ரத்தமாப் போகுது" என்று என் மேல் பழி! மாத்திரையில் இருக்கிற ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். நான்தான் அத்தையிடம் சொல்ல மறந்திருந்தேன். வெட்கம் பார்க்காமல் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். பயந்துபோய் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டாம்.

நிறுத்துவது என்றதும் பங்குனி மாதத்தைச் சொல்லவேண்டும். அத்தைக்கு இருமல் நின்றுவிட்டது. மூன்று கிலோ ஏறியிருந்தார். தெருவில் இறங்கிக் கோலம் போட ஆரம்பித்திருந்தார். எனக்கும் கண்காணிப்பு தளர்ந்திருந்தது. ஒரு நாள் சுக்கை வெயிலில் உலர்த்த டப்பாவை முறத்தில் கவிழ்த்தேன். சுக்கோடு மாத்திரைகளும் விழுந்தன. எண்ணினேன். பதினைந்து. ஒரு நாளைக்கு மூன்று என்றால் ஐந்து நாள் மாத்திரை.

எனக்கு வந்த கோபத்தில் முறத்தோடு போய் அவர் முன்னால் வைத்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அத்தையிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். "பதினெட்டு வருஷமா நீங்க சொன்ன அளவுல ஒரு மிளகு கூடக் குறையாம பொடி இடிச்சேனே, நான் சொன்ன மூணு மாத்திரையை உங்களால முழுங்க முடியலையா அத்தை?" என்று கேட்டு அழுதுவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் சுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வயித்தைப் புரட்டுது. உன்கிட்ட சொன்னா இன்னொரு மாத்திரை வாங்கிட்டு வருவே. இருமல்தான் நின்னுட்டே, இனி சுக்கு போதும்னு நினைச்சேன்" என்றார்.

அந்த நினைப்பு எனக்குப் புதிதா? ஏழு வாரம் நானும் அதே நினைப்பில்தானே இருந்தேன்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். பாதியில் விட்டால் மிச்சமிருக்கிற கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறும், பிறகு வேறு கடுமையான மருந்து, நீண்ட காலம் என்று அத்தையிடமே நேராகச் சொன்னார். விட்டுப்போன நாட்களைக் கடைசியில் கூட்டிக் கொடுத்தார். புரட்டலுக்கும் வழி செய்தார். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சுக்குக் காப்பி தாராளமாகக் குடிக்கலாம், கருப்பட்டி மட்டும் வேண்டாம் என்றார். அத்தைக்கு அதுவே பெரிய வெற்றி. காலையில் நான் மூன்று மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவேன். அவர் முழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவார், குறும்பாக நாக்கைத் தூக்கியும் காட்டுவார். ஒரு மணி நேரம் கழித்துத் தம்ளர். சுக்குக்கு வயிற்றுப் புரட்டலை அடக்குகிற குணம் உண்டுதான், அந்த மட்டில் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

2019 ஆனியில் கடைசி மாத்திரை முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மகளும் தன் மாத்திரையை அதே மாதத்தில் முடித்தாள். அன்று அவளுக்கு மட்டும் கருப்பட்டி போட்டுக் கொடுத்தேன்.

பொடி கேட்டு வருகிற இளம் தாய்மார்களுக்கு இன்னும் இரண்டொன்று சொல்வதுண்டு. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம், சுக்குத் தண்ணீர் ஒரு சங்குகூட. மூச்சு வாங்கினால், நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டால், அடுப்புப் பக்கமே போகாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். வயிற்றுப்புண் உள்ளவர்கள் மிளகையும் திப்பிலியையும் விட்டுவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினப்படி குடிப்பதற்கு முன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. மற்றபடி சாதாரணச் சளிக்கும் மழை நேரத்து அலுப்புக்கும் இதைப்போல் இதமான பானம் வேறு எனக்குத் தெரியாது. தொண்டைக்கு அது கொடுக்கிற சுகம் பொய்யில்லை. அந்தச் சுகத்தைப் பார்த்து நோயே போய்விட்டது என்று நான் நினைத்ததுதான் தப்பு.

போன ஐப்பசியில் பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். மாமனாருக்கு இருமலாம். நான் பொடி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

தார்சாவில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அத்தை எனக்கு முன்னால் முந்திக்கொண்டார்.

"எத்தனை நாளா இருமுதாரு?"

"மூணு நாளாத்தான் ஆச்சி. மழையில நனைஞ்சிட்டாங்க."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"வர்ற வியாழனுக்கு அடுத்த வியாழன் கணக்கு வச்சுக்கோ. அதுக்கு மேலயும் இருமினா பொடி கேட்டு இங்க வரக்கூடாது, நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும், என்ன? அவருக்குச் சர்க்கரை உண்டுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே பொடியை நாலு கரண்டி காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். கருப்பட்டி வீட்டில் இருக்கிறதாம், ஏலக்காய் மட்டும் இல்லையாம். அதிலும் நாலு எடுத்துப் போட்டேன்.